பார்க்க மாட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதம்

எண்பதுகளின் நடுவில், எனக்கு முப்பத்தொரு வயது நடந்த ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். மனிதர்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், தடுமாற்றத்துக்குக் காரணம் மனிதரா, பொறியைச் செய்த விதமா என்று ஆராயும் படிப்பு அது. அதுவரை நான் கம்ப்யூட்டரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். சேலத்தில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தது. இதை விண்ணப்பக் கட்டுரையிலும் அப்படியே எழுதினேன். இல்லாத அனுபவத்தை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

அப்போது தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தேன். துறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் ஓய்வூதியம் அங்கிருந்துதான் வர வேண்டும். வாரத்தில் மூன்று நாட்கள் பென்னாகரம், ஏரியூர் பக்கம் போய் விவசாயக் கிணறுகளில் ஓடும் மோட்டார்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். மின்சாரம் போய்விட்டுத் திரும்ப வந்தால் யாராவது மறுபடி பச்சையை அழுத்த வேண்டும். மின்சாரம் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாரும் பச்சைப் பொத்தானை அழுத்திய நிலையிலேயே எதையாவது வைத்து அடைத்திருந்தார்கள். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். சில சமயம் எரிந்தும் போகும்.

அந்த அடைப்பை எடுத்துவிட்டு, விதிமீறல் என்று எழுதுவது என் கடமை. எழுதினேன். கூடவே அது எப்படி அடைக்கப்பட்டிருந்தது என்று என் நாட்குறிப்பில் படமும் வரைந்து வைத்தேன். சைக்கிள் டியூபை வெட்டிய வளையம், மூங்கில் சில்லு, கல்லில் கட்டிய சணல் என்று இரண்டு ஆண்டுகளில் பத்தொன்பது வகை சேர்ந்தன.

ஏரியூருக்கு அருகே ஒரு விவசாயியிடம், எதற்காக இப்படிச் செய்கிறீர்கள், மோட்டார் எரிந்துவிடாதா என்று கேட்டேன்.

“கரண்டு வர்றப்ப பட்டன அமுக்கறதுக்கு ஒரு ஆளு பக்கத்துலயே நிப்பான்னு இதச் செஞ்சவன் நெனச்சிருக்கானுங்க சார். எனக்கு சந்தைக்குப் போவணும், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கணும். அவனையே வந்து நிக்கச் சொல்லுங்க.”

என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு பதிலின் விரிவுதான். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தான். கடிதத்தோடு நான் அனுப்பிய அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இங்கே இதைத்தான் ஆராய்கிறார்கள், உடனே விண்ணப்பி என்று படிவங்களை அனுப்பியவன் அவனே.

மூன்று பரிந்துரைகள் வேண்டும். கல்லூரிப் பேராசிரியர்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். படிவத்தில் அறிவு, உழைப்பு, நேர்மை என்று ஏழு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: நான் அறிந்தவர்களில் முதல் ஐந்து சதவீதம், முதல் பத்து, முதல் கால்வாசி, சராசரி, சராசரிக்கும் கீழே. பேராசிரியர்கள் இருவரும் ஏழு வரியிலும் முதல் கட்டத்தில் குறி போட்டார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவருக்கு என் பெயர் நினைவில்லாததுதான்.

மூன்றாவது பரிந்துரை, தற்போது வேலை வாங்குபவர் தர வேண்டும். எங்கள் செயற்பொறியாளரிடம் கொடுத்தேன். ஐம்பதைத் தாண்டியவர், என் மேல் பிரியமுள்ளவர். படிவத்தை இரண்டு முறை படித்தார்.

“ஏம்ப்பா, மனுசனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல படிக்கறதுக்கு என்ன இருக்குது?”

“சண்டைங்க சார்.”

“அதுக்கு எதுக்கு அமெரிக்கா? நம்ம ஆபீசு போதுமே.”

படிவத்தின் மேல்பகுதியில் எனக்கென்று ஒரு பத்தி இருந்தது. இந்தப் பரிந்துரையைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாவிட்டால் இங்கே யாரும் அந்தக் கடிதத்தை நம்ப மாட்டார்கள் என்று நண்பன் எழுதியிருந்தான். கையெழுத்திட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் செயற்பொறியாளர் படிவத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்துத் தபால் பிரிவுக்கு அனுப்பினார். தபால் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அம்மா. பதினாறு வருடங்களாக அதே நாற்காலியில் இருந்தவர். உறையைத் தூக்கிக்கொண்டு செயற்பொறியாளரின் அறைக்கே வந்துவிட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“சார், ஒட்டுன கவருக்கு நான் நம்பர் போட மாட்டேனுங்க. உள்ள என்ன போவுதுன்னு ஆபீசு காப்பி வேணும். நாளைக்கு ஆடிட்டுல நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?”

செயற்பொறியாளர் அரக்கை உடைத்தார். தட்டச்சர் உண்மை நகல் எடுத்தார். அடுத்து, நகலை எந்தக் கோப்பில் வைப்பது என்ற கேள்வி வந்தது. அமெரிக்காவுக்கென்று எங்களிடம் கோப்பு இல்லை. எந்தக் கோப்பிலும் சேராதவற்றுக்கு ‘இதர’ என்று ஒரு கோப்பு உண்டு. அதற்குப் பொறுப்பாளர் நான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நகல் என் மேசைக்கு வந்தது. கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பொறுப்பாளர் ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால்தான் மூலத்துக்கு எண் விழும், எண் விழுந்தால்தான் அது தபாலில் போகும். நான் நகலைக் கவிழ்த்து வைத்து, மேலே மைக்கூட்டை வைத்தேன். செவ்வாயும் அப்படியே போயிற்று. புதன்கிழமை அந்த அம்மா வந்தார்.

“சார், அமெரிக்காக் காகிதம் உங்களாலதான் நிக்குது. பார்த்தேன்னு போட்டுக் குடுங்க.”

“பாக்காம எப்படிங்க பார்த்தேன்னு எழுதறது?”

“பதினாறு வருசமா இங்க எல்லாரும் பாக்காமத்தான் எழுதறாங்க. நீங்க ஒருத்தருதான் பாத்துட்டு எழுதறீங்க. இந்த ஒரு தடவ எங்களாட்டம் இருங்களேன்.”

பார்க்காமல் எழுதினால் அரசாங்கத்திடம் பொய் சொன்னவனாவேன். பார்த்துவிட்டு எழுதினால் அமெரிக்காவிடம் பொய் சொன்னவனாவேன். என்னைப் பார்க்க வைத்தது சம்பளம் தரும் இடத்தின் மீதிருந்த விசுவாசம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆசைதான் என்று இப்போது எழுதுவதில் கஷ்டமில்லை. நகலைத் திருப்பினேன்.

ஏழு வரியிலும் ‘சராசரி’. அடியில் இரண்டு வாக்கியங்கள்: இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை. இவரது உடல்நலம் நன்று.

எங்கள் அலுவலகத்தில் யார் படித்தாலும் இதைப் புகழ்ச்சி என்றே சொல்வார்கள். ஆண்டுதோறும் அதிகாரிகள் எழுதும் ரகசிய அறிக்கையில் ‘திருப்தி’ என்பதற்கு மேல் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் காரணங்களைத் தனித்தாளில் விளக்க வேண்டும். பிரியமுள்ள அதிகாரி ஏழு இடத்திலும் ‘திருப்தி’ என்பார். பிரியமில்லாதவர் ஓரிரு இடத்தில் கீழே இறக்குவார். செயற்பொறியாளருக்கு அந்தத் ‘திருப்தி’தான் இந்தச் ‘சராசரி’, எனக்கு ஒன்றில்கூட இறக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மனிதர்கள் எதை எப்படித் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஆராய்பவர்கள் செய்த படிவம் அது. ‘பார்த்தேன்’ என்று எழுதினேன். ஆனால் தாளைத் திருப்பி அனுப்பாமல் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்பு அரித்துக்கொண்டிருந்தாள்.

“போயிக் கேளுங்க. அவரு என்ன உங்களத் தின்னுருவாரா?”

“பாக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

“அப்ப பாத்திருக்கக் கூடாது. பாத்தாச்சு. பாத்துட்டுச் சும்மா இருந்தா சொன்ன சொல்லும் போச்சு, சீட்டும் போச்சுங்க.”

அவள் சொன்னதில் பிழை காண முடியவில்லை. மறுநாள் செயற்பொறியாளரிடம் போய் முழுவதையும் சொன்னேன்: நகல் எந்த வழியாக வந்தது, எந்த நாளில் படித்தேன், அந்த ஊரில் சராசரி என்றால் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது வரை. அவர் முகம் வாடிவிட்டது.

“உன்னத் தவிர நான் யாருக்கும் ஏழு வரியிலயும் ஒரே மாதிரி போட்டதில்லப்பா. ஹெட் கிளார்க்குக்கே ரெண்டுல கொறச்சிருக்கேன்.”

“தெரியுங்க சார்.”

“சரி, இப்ப என்ன? திருத்திட்டாப் போச்சு.”

வேறு படிவம் கைவசம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வரவழைக்க நாளும் இல்லை. அவர் மூலத்தை வரவழைத்துப் பச்சை மையால் ஏழு ‘சராசரி’யையும் அடித்தார். ஏழு வரியிலும் முதல் கட்டத்தில் குறி போட்டார். அரசு ஆவணத்தில் திருத்தம் என்றால் திருத்தியவர் ஒவ்வொரு இடத்திலும் சுருக்கொப்பம் இட்டு முத்திரை வைக்க வேண்டும். ஏழு சுருக்கொப்பம், ஏழு முத்திரை. ஓரத்தில் “திருத்தங்கள் என்னால் செய்யப்பட்டவை” என்று ஒரு குறிப்பு. எங்கள் வழக்கப்படி அதைவிட நேர்மையான தாள் இருக்க முடியாது. எனக்கு அது யாரோ துப்பாக்கியைக் காட்டி எழுதி வாங்கியதைப் போலத் தெரிந்தது. அவர் திருப்தியோடு மை உலர ஊதிக்கொண்டிருந்தார். புதிய நகல் எடுத்து, மறுபடி ‘பார்த்தேன்’ எழுதி, எண் போட்டு, வெள்ளிக்கிழமை அது தபாலில் போயிற்று.

ஐந்து வாரங்களில் செயற்பொறியாளர் பெயருக்கு அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். விண்ணப்பதாரரின் கட்டுரை எங்களை மிகவும் கவர்ந்தது. தங்கள் பரிந்துரையில் மதிப்பீடுகள் எல்லாம் மாற்றப்பட்டிருப்பதைக் காண்கிறோம். எந்தச் சூழ்நிலையில் மாற்றப்பட்டன என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கட்டுரை கவர்ந்தது என்ற வரியை அவர் எனக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார். பிறகு, விளக்கம் கேட்டால் முழு விளக்கம் தந்துவிடுவதுதான் நல்லது என்றார். முப்பது வருட அனுபவத்தில் அவர் கற்றது அது. அன்று மதியமே வரைவு தயாராயிற்று. என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

“நீயே ஒரு தடவ பாத்துரு. தேதி, நம்பரு எல்லாம் உனக்குத்தான் சரியாத் தெரியும்.”

நான்கு பத்திகள். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: மேற்படி ரகசிய மதிப்பீட்டின் அலுவலக நகல் நடைமுறைப்படி விண்ணப்பதாரரின் பார்வைக்கே வைக்கப்பட்டது, அவர் அதைப் படித்தறிந்து நேரில் முறையிட்டதன் பேரில், முறையீடு நியாயமானது எனக் கண்டு மதிப்பீடு உயர்த்தப்பட்டது.

நான் அதைப் படித்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இந்தப் பத்தி வேண்டாம் சார் என்று நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். ‘முதலில் அளவுகோலைத் தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரே வாக்கியம் போதும், அதுவும் உண்மைதான். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் பத்தியில் இருந்தது நடந்தது. ஒவ்வொரு சொல்லும் நடந்தது. நான் வரைவின் தலைப்பில் கடித எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்ததைத் திருத்தினேன். நான்காம் பத்தியில், நகலைப் படித்த நாள் வியாழன் என்று இருந்ததைப் புதன் என்று மாற்றினேன். திருப்பிக் கொடுத்தேன்.

“வேற ஒண்ணுமில்லியே?”

“இல்லைங்க சார்.”

பதில் ஏப்ரலில் என் வீட்டு முகவரிக்கு வந்தது. மூன்றே வரிகள். தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம். இந்த ஆண்டு இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் எதிர்காலம் சிறக்கட்டும். காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே அந்த மூன்றாவது பத்திதான் காரணம் என்று நான் உறுதியாக எழுத முடியாது. கம்ப்யூட்டரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவன் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். மனைவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “இன்னொரு தடவ போடலாமில்ல?” என்றாள். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான், அதற்கடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்தது, நான் போடவில்லை.

அந்தப் பதில் வந்த மறுநாள் அலுவலகத்தில் சொன்னேன். செயற்பொறியாளர் தம் அறையிலிருந்து எழுந்து என் மேசைக்கு வந்தார். அப்படி வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. சுற்றியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் கையமர்த்தினார்.

“நான் எழுதுனதுல ஏதாவது தப்பாப் போச்சா?”

“இல்லைங்க சார். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

சிறிது நேரம் என் மேசையிலிருந்த குண்டூசிப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“அந்த மூணாவது பத்தியப் படிச்சியே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. எடுத்திருப்பேன்.”

“நடந்ததுதானே சார்.”

“நடந்ததையெல்லாம் எழுதணுமாப்பா?” என்றார்.

முப்பது வருடங்கள் அரசாங்கத்துக்கு விளக்கம் எழுதியவர், அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, குண்டூசிப் பெட்டியை மூடி வைத்து, அறைக்குத் திரும்பிப் போனார்.