டீயைக் கையில் வாங்காதவர்

என் காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, டேங்க் இருக்கும் பள்ளத்தில் காதை வைத்துக் குப்புறக் கிடக்கிறார் அந்தோணிமுத்து. "சாவியத் திருப்புங்க சார். வண்டிய எழுப்பிராதீங்க, சும்மா ஒரு திருப்பு." திருப்புகிறேன். உள்ளே பெட்ரோல் பம்பு முனகி அடங்குகிறது. "இன்னொருக்கா." இது பதினோராவது தடவை. மனிதர் அதைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்கிறார், எனக்குத்தான் விரல் தேய்கிறது.

பழனி சாலையில் அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. டர்போ கார்களுக்கு மேப் மாற்றி வேகம் கூட்டித் தருவதில் திண்டுக்கல்லில் அவரை அடிக்க ஆளில்லை. மேப் என்பது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளை; லேப்டாப்பில் அரை மணி நேர வேலை. இவரோ லேப்டாப்பைத் திறக்கவே நாலு நாள் ஆக்குவார். பெரிய பம்பு, புது இன்ஜெக்டர், புது ஃபில்டர் எல்லாம் மாட்டிய பிறகுதான் மேப்.

"டர்போ காத்த அம்புட்டையும் உள்ள தள்ளும். அதுக்கேத்த பெட்ரோல் வர வேணாமா? நூறு பேர விருந்துக்குக் கூப்புட்டு ரெண்டு படி அரிசி பொங்குனா காணுமா?" என்பார்.

வேலை முடிந்ததும் பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டுவார். ஆறு ஆளுக்குப் பதிலாக ஆறு மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு சிறுமலை உச்சிவரை போய் வருவார். ரோட்டில் ஒரு கண், முள்ளில் ஒரு கண். கூட உட்கார எனக்குத் தைரியம் கிடையாது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. எதிர்த்த டீக்கடையில் வேலை பார்க்கும் மகேஸ்வரி நாலு மணிக்கு டீ கொண்டு வருவாள். அந்தோணிமுத்து நிமிரவே மாட்டார். "டிரம்மு மேல வச்சிட்டுப் போம்மா." அவள் ரோட்டைக் கடந்த பிறகுதான் எடுத்துக் குடிப்பார். ஒருநாளும் அவள் கையிலிருந்து வாங்கி நான் பார்த்ததில்லை. ஆளுக்குத் திமிர் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று அந்தப் பதினோராவது திருப்பலோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணாச்சி, பம்பை அப்புறம் பார்த்துக்கலாம். இன்னைக்கே மேப்பைப் போட்டு விடுங்க. ஊரெல்லாம் அப்படித்தானே போடுறாங்க?"

அவர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பிஸ்டன். அதன் தலையில் விரல் நுழையும் அளவுக்கு உருகிய ஓட்டை.

"போன ஐப்பசியில ஆசாத் பாயும் இதேதேன் சொன்னாரு. பம்பு வர நாலு நாளாகும்னேன். கேக்கல. பழைய பம்புலயே மேப்பப் போட்டுட்டேன். நாலு வழிச் சாலையில ஒத்தையா ஓட்டிப் பாத்தேன், முள்ளு அசையல. அவரு குடும்பத்தோட சிறுமலை ஏறுனாரு. பெட்ரோலு பத்தாம சூடேறி, பாதி மலையில இது உருகிருச்சு. கட்டி இழுத்தாந்தாக. பிரிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு சார், எந் தப்புன்னு. சுத்தி கூட்டம் நிக்கிது. 'பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்'னு வாய் சொல்லிருச்சு."

ஆசாத் நேரே பெட்ரோல் பங்குக்குப் போய்க் கத்தி, வீடியோவும் எடுத்துப் போட்டார். பங்குக்காரர் தன் தலை தப்பிக்க, மழையில் ஆசாத் காரின் டேங்க் மூடியைச் சரியாக மூடவில்லை என்று பெட்ரோல் போட்ட பெண்ணின்மேல் பழியைப் போட்டு வேலையை விட்டு நிறுத்தினார். அந்த வீடியோ எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘இவளையெல்லாம் உள்ளே தள்ள வேண்டும்’ என்று எழுதி நாலு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிய மகராசன் நான்தான். வீடியோவில் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு?"

அவர் தாடையால் டீக்கடையைக் காட்டினார். "'நாந்தேன் மூடிய மூடாம விட்டுட்டேனோ என்னமோண்ணே'ன்னு எங்கிட்டயே சொல்லுது சார் அந்தப் புள்ள. நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே ஐயா!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான், கத்துவதற்கு எனக்கென்ன யோக்கியதை என்று உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நாலு மணி ஆனது. மகேஸ்வரி வந்தாள். வழக்கம்போல டிரம்மை நோக்கிப் போனவளை அந்தோணிமுத்து மறித்து, அவளுடைய இடது கையில் பிஸ்டனை வைத்தார்.

"ஆசாத் பாய் வண்டியில உருகுனது இதுதேன். பெட்ரோல்ல தண்ணி இல்ல தாயி. பம்பு பத்தல. நான் செஞ்ச தப்பு. பொய் சொல்லிட்டேன்."

அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப மூடி?"

"நீ சரியாத்தேன் மூடிருக்க. ஆசாத் பாய்ட்டயும் பங்குலயும் போய்ச் சொல்றேன். இப்பவே போறேன்."

அந்தோணிமுத்து கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, டீயை வாங்க முதல்முறையாகக் கையை நீட்டினார்.

மகேஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். கிளாஸை டிரம்மின் மேல் வைத்துவிட்டு, பிஸ்டனோடு ரோட்டைக் கடந்து போனாள்.