முகப்பில் போட்ட சொல்

தமிழ்நாட்டு அகதி முகாமில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால், எங்கள் மாதர் சங்கத்து மிளகாய்த்தூளுக்கு வெப்சைட் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. சொல்லித்தர டவுனிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார்; எல்லோருக்கும் அவர் 'சேர்'. மீள்குடியேறிய வீடுகளில் பாதிக்கு அப்போது கரண்ட் இல்லை. அவரோ எங்கள் நறுவிலிக்குளத்து ஓலைக் கொட்டிலுக்குள் வெள்ளைச் சீலை கட்டி, ஜெனரேற்றர் போட்டுப் படம் காட்டினார்.

டொமைன் என்றால் வெப்சைட்டின் பெயராம். ஹோஸ்டிங் என்றால் அதை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் இடமாம். வருடா வருடம் புதுப்பிக்காவிட்டால் இரண்டும் பறிபோகுமாம். மூன்று தரம் இடம்பெயர்ந்த சனத்துக்கு இதைப் படம் போட்டு விளக்கிய மனிதரை என்ன சொல்வது? "உலகத்தின்ர எந்த மூலையில இருந்தும் பாக்கலாம்," என்று மேசையில் தட்டி வேறு சொன்னார்.

கடைசியாகக் கீவேர்ட். இணையத்தில் தேடுகிறவர்கள் தட்டுகிற சொல்லாம் அது.

"மிளகாய்த்தூள் எண்டு போட்டால் ஆயிரம் கடை வரும். விதவை எண்டு போடுங்கோ. கனடாவில இருக்கிற எங்கட சனம் உருகி வாங்கும்," என்றார் சேர்.

நானும் பெரிய படிப்பாளி மாதிரி, 'ஆறு விதவைகளின் கைப்பக்குவம்' என்று முகப்பில் தட்டிவிட்டேன். தூள் இடிக்கிற அந்த ஆறு பேரில் ஒரு அக்காவின் கணவர் காணாமல் போனவர், இன்னும் தேடப்படுகிறவர். எனக்குத் தெரியாததா? தெரியும். வகுப்பில் தந்த மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் சான்றிதழும் என்னை அவ்வளவு மயக்கியிருந்தன.

அந்த அக்கா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் போனில் அதை வாசித்தார். கத்துவார் என்று நினைத்தேன். "இதை எடு, பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

சேருக்குப் போன் எடுத்தேன். "இப்பதான் ஓடர் வரத் தொடங்குது. அவவுக்கு வெப்சைட் எண்டால் என்னெண்டு விளங்கேல்லை," என்றார்.

மூன்று நாள் வகுப்பில் அது விளங்கியது அந்த அக்கா ஒருவருக்குத்தான்.

"எந்த மூலையில இருந்தும் பாக்கலாம் எண்டு அந்தாள்தானே சொன்னது," என்றார் அக்கா. "இவர் எங்கையாவது இருந்து பாத்தால்? நான் இவரைச் செத்தவராக்கிப் போட்டன் எண்டெல்லோ நினைப்பார்?"

அக்காவின் கண் முன்னாலேயே அந்தச் சொல்லை அழித்தேன். அக்கா எழும்பிப் போகவில்லை. பொட்டைச் சரிசெய்துகொண்டு, தன்னை ஒரு படம் எடுத்து அதில் போடச் சொன்னார்.

"கீழ இந்த வீட்டு விலாசத்தையும் வடிவாப் போடு. நாங்கள் இப்ப பழைய இடத்தில இல்லையெண்டு அவருக்குத் தெரியாது."