கோர்ட்டுக்குப் போன தையல் மெஷின்

டி.வி. சினிமாவில் கோர்ட்டு சீன் வந்தால் நான் இப்போதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செங்கல்பட்டு கோர்ட்டு வராந்தாவில் மாசக்கணக்காக உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவளுக்குத்தான் தெரியும், அங்கே சுத்தியல் தட்டுகிற ஜட்ஜும் கிடையாது, கடைசி நிமிஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிற சாட்சியும் கிடையாது என்று. இருக்கிறதெல்லாம் காத்திருக்கிற ஜனங்களும் கட்டுக் கட்டாகக் காகிதமும்தான்.

அறுபதுகளின் கடைசி அது. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபிறகு நானும் அக்காவும் கிழக்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் திரும்புவேன். அக்கா வீட்டில் இருந்தபடி தைத்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம், டீச்சர்களுக்கு ஜாக்கெட், ஞானஸ்நானத்துக்குக் குழந்தைக் கவுன் என்று வேலைக்குக் குறைவில்லை. பெரிய சம்பாத்தியம் இல்லை, ஆனால் அக்காவுக்கு அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அந்த மெஷினால் நடந்துகொண்டிருந்தது.

திருநெல்வேலியில் எங்கள் சித்தப்பா இருந்தார். "வயசுப் பெண்கள் பட்டணத்தில் தனியாக என்னத்துக்கு? சின்னவள் உத்தியோகம் பார்க்கிறாள், ஹாஸ்டலில் இருக்கட்டும். பெரியவள் இங்கே வந்துவிடட்டும்" என்று மாசம் தவறாமல் எழுதுவார். பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. சித்திக்கு முட்டிவலி, வீடு நிறையப் பிள்ளைகள், சமைக்கவும் துவைக்கவும் சம்பளமில்லாத ஆள் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் போடுவாள், எனக்கு இங்கே தையல் வேலை இருக்கிறது என்று. மெஷின் இருக்கிறவரைக்கும் சித்தப்பா வாயைத் திறக்க முடியாது.

அந்த மெஷினைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள். மணி அடித்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவோம். தாம்பரத்தில் இது தெரியாத ஆள் கிடையாது, திருடனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் மேஜையும் மிதிகட்டையும் இருக்கின்றன, மேலே மெஷினைக் காணோம். சாவியைப் பழையபடி தொட்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான், என்ன மரியாதை பாருங்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் கழித்து ஏட்டு ஒருவர் வந்து, "உங்க மெஷின் கெடச்சிடுச்சும்மா" என்றார். பல்லாவரம் பக்கம் பழைய சாமான் கடையில் இருந்ததாம். கடைக்காரர்மேல் கேஸ் போட்டிருந்தார்கள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே அவர் பின்னால் ஓடினாள், நானும் ஓடினேன். ஸ்டேஷனில் ஒரு மூலையில் மெஷின் கிடந்தது. நம்பர் தகட்டைச் சுரண்டியிருந்தார்கள். தங்கப் பூப் போட்ட இடத்தையெல்லாம் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மூடியிருந்தார்கள். சக்கரத்தைச் சணல் கயிற்றால் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தது போலீஸ்.

"ரிக்‌ஷா கூப்பிடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"வீட்டுக்குக் கொண்டுபோக."

ஏட்டு என்னைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "அது இனிமே கோர்ட்டு சொத்தும்மா. கேஸ் முடிஞ்சாத்தான் கைக்கு வரும்" என்றார். முன்னாடியே வாங்க வழி உண்டாம், ஆனால் நம்முடையது என்று காட்ட ரசீது வேண்டுமாம். ஊரைவிட்டுப் போன ஒரு டீச்சரம்மாவிடம் பழசாக வாங்கிய மெஷினுக்கு ரசீதுக்கு எங்கே போவது? திருடன் கொண்டுபோனான், சரி, திருடன். கண்டுபிடித்தவர்களும் கொடுக்கமாட்டேன் என்றால் இதை எங்கே போய்ச் சொல்ல?

அதற்கப்புறம் நாங்கள் அலையாத அலைச்சல் இல்லை. சம்மன் வரும். ஆபீஸில் லீவு சொல்லிப் பேச்சு வாங்கிக்கொண்டு, கட்டுசோறு கட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ரயிலேறுவோம். ஒருநாள் மாஜிஸ்திரேட் லீவு. ஒருநாள் சர்க்கார் வக்கீல் வரவில்லை. ஒருநாள் எல்லாரும் வந்திருந்தார்கள், கேஸ் கட்டைக் காணோம். வாய்தா, வாய்தா, வாய்தா. டவாலி வாசலில் நின்று யார் பெயரையோ கூவுவான், எங்கள் பெயர் வராது. இதற்கிடையில் அக்கா பஜார் தையல்காரர் ஒருவரிடம் பட்டன் தைத்தும் ஓரம் அடித்தும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்த சித்தப்பாவின் கடிதங்கள் கனிவாகிக்கொண்டே வந்தன. அக்கா, கேஸ் முடியட்டும், மெஷின் வந்துவிடும் என்று எழுதினாள்.

ஒருவழியாகச் சாட்சி சொல்லும் நாள் வந்தது. ரயிலில் போகும்போதே அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். எங்கள் சபையில் சினிமா பார்ப்பது பாவம். அக்கா ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. நான் ஆபீஸ் தோழிகளோடு திருட்டுத்தனமாகப் பார்த்துத் தீர்த்தவள். கோர்ட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"கூண்டுல ஏறினதும் புஸ்தகத்துமேல கை வைக்கச் சொல்லுவாங்க. அப்புறம் மெஷினைக் காட்டி, இதுதான் ஐயா என் மெஷின்னு கையை நீட்டிச் சொல்லு. அழுதாக்கூடத் தப்பில்ல."

"அழுகை வந்தா அழுவேன்" என்றாள் அக்கா. மடியில் பைபிளை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கோர்ட்டில் இருக்கிறது எப்படி இருக்குமோ, கிழிந்து கிடந்தால் நன்றாயிருக்காது என்று வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள்.

யாரும் பைபிள் கேட்கவில்லை. குமாஸ்தா ஒருவர் தலையைத் தூக்காமல், கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்கிற வாசகத்தைச் சந்தைக் கணக்குச் சொல்கிற மாதிரி கடகடவென்று ஒப்பித்தார். எல்லாச் சாட்சியும் அந்த இடத்தில் 'உம்' என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். அதுதான் அங்கே வழக்கம். அன்று காலையிலிருந்து பத்துப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

அக்கா, "ஐயா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்லணும்" என்றாள்.

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். குமாஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அக்கா ஜெபம் பண்ணுகிற குரலில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். நான் பெஞ்சு நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன், இவள் இதை நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று.

எதிர்க்கட்சி வக்கீல் வயசானவர். குரலை உயர்த்தவே இல்லை. மெஷினைக் காட்டி, "இது உங்களுடையதா?" என்றார்.

"என்னுது மாதிரி இருக்கு."

"இந்த மாதிரி மெஷின் மெட்ராஸில் எத்தனையோ வீட்டில் இருக்கும் இல்லையா?"

"இருக்கும் ஐயா."

"நம்பர் இருக்கா? அடையாளம் ஏதாவது தெரியுதா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க. அந்தச் சக்கரத்தை ஒரு தடவை சுத்திப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிரும்."

அந்த இடத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. சினிமாவாக இருந்தால் ஜட்ஜ், சுத்தட்டும் என்பார், அக்கா சுத்துவாள், சங்கீதம் பொங்கும், கேஸ் முடிந்தது. இங்கே எதிர்க்கட்சி வக்கீல், முத்திரையைப் பிரிக்க ஆட்சேபம் என்றார். மாஜிஸ்திரேட் சர்க்கார் வக்கீலைப் பார்த்தார். அதற்குத் தனியாக மனுப் போட வேண்டுமாம், அவர் போடவில்லை. சர்க்கார் வக்கீலுக்கு அன்று இன்னும் எத்தனையோ கேஸ் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம், மேலே போகலாம்" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நல்ல வெற்றிலைச் சிவப்பு வாய். அந்த வாயால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

"சுத்திப் பார்க்காமல் இது உங்களுடையது என்று உறுதியாகத் தெரியுமா அம்மா?" என்று எதிர்க்கட்சி வக்கீல் மறுபடியும் கேட்டார்.

அக்கா மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்பெஞ்சிலிருந்து தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டுகிறேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"என்னுதுன்னுதான் நினைக்கிறேன்" என்றாள். "உறுதியாத் தெரியாது ஐயா."

மாஜிஸ்திரேட் அதை எழுதிக்கொண்டார்.

திரும்பி ரயிலேறினோம். கூடுவாஞ்சேரி தாண்டியதும் தாங்க முடியாமல் கேட்டேன், "உன் மனசுக்கு அது உன்னுதுன்னு தெரியுமா தெரியாதா?"

"மனசுக்குத் தெரியும். சத்தியம் பண்ணிட்டு மனசுக்குத் தெரியுததை எப்படிட்டி தெரியும்னு சொல்லுவேன்?"

தலையில் அடித்துக்கொண்டேன். அங்கே பொய் சொல்லத்தான் எல்லாரும் சத்தியம் பண்ணுகிறார்கள், இவள் ஒருத்தி மட்டும் உண்மை சொல்லப் பண்ணியிருக்கிறாள்.

தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது கடைக்காரருக்கு. விடுதலை. மெஷின் யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே ஒப்படைக்கவும். இந்தக் கடைசி வரியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. நான் விடுகிற ஆளா? அப்பீல் போடலாம், மனுப் போடலாம் என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். ஒருவரைப் பார்த்தால் இன்னொருவரைப் பார் என்றார்கள். ஒருநாள் அக்காவையும் இழுத்துக்கொண்டு மறுபடியும் செங்கல்பட்டுக்குப் போனேன். கெடு முடிந்துவிட்டது என்றார் குமாஸ்தா, தலையைத் தூக்காமல்.

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறினால் எதிர் ஸீட்டில் அந்தப் பழைய சாமான் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். காலடியில் ஒரு கோணிச் சாக்கு. உள்ளே என்ன என்று கேட்க வேண்டியதில்லை, சாக்கின் உருவமே சொல்லிற்று. அன்றைக்குத்தான் அவரும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். நான் வேறு பெட்டிக்குப் போகலாம் என்றேன். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அவர்தான் முதலில் பேசினார். "இன்னாக்கா, எம்மேல கோவமா? நான் திருடலைக்கா. ஒருத்தன் கொண்டாந்து வித்தான், வாங்கினேன். இந்தக் கேஸால எனக்கும் ஒரே பேஜாராப் பூடுச்சு. கடைய மூடிட்டு மூடிட்டு ஓடியாந்துகினு இருந்தேன்."

"அண்ணா, அந்தச் சக்கரத்தை ஒரு தடவை சுத்திப் பாக்கட்டுமா?" என்றாள் அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். கேஸ்தான் முடிந்துவிட்டதே. குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்துக் கோணியைக் கீழே இறக்கிவிட்டார். கயிறும் இல்லை, அரக்கும் இல்லை. அக்கா ரயில் பெட்டியின் தரையில் சேலையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையை மெஷினின் அடித்தட்டில் வைத்துக்கொண்டு, வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கமாக மெதுவாகச் சுற்றினாள். ஓரிடத்தில் லேசாகத் தட்டியது. எனக்குக்கூடக் கேட்டது. மறுபடி சுற்றினாள். அதே இடம், வீட்டில் கேட்கிற அதே தட்டல். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னுதுதான்" என்றாள். "உறுதியா என்னுதுதான்."

அந்த ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "இருக்கலாம்க்கா" என்றார். "ஆனா கோர்ட்டு எங்கைலதான குடுத்துக்கீது. நான் இன்னா பண்றது, சொல்லு."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த மெஷினை நம்பித்தான் எங்கள் அக்கா இந்த ஊரில் இருக்கிறாள் என்றேன். பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். வண்டலூர் வந்து போனது. அக்கா கோணியை மேலே இழுத்து, மெஷின் அடிபடாதபடி அவளே வாயை இறுக்கிக் கட்டினாள்.

தாம்பரத்தில் இறங்கினோம். அவர் காலை ஒதுக்கி வழிவிட்டார். வண்டி மெஷினோடு பல்லாவரம் பக்கம் போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்று நான் அக்காவைத் திட்டித் தீர்த்தேன், இதை அன்றைக்குக் கூண்டில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று.

"அன்னைக்குத் தெரியாதுட்டி" என்றாள். "இன்னைக்குத்தான் தெரியும்."

படியேறினோம். பாலத்துக்கு நடுவில் நின்று, "சித்தப்பாவுக்கு எழுதிப் போட்டுரு, நான் வாரேன்னு" என்றாள்.