பாதியில் விட்ட பரிசோதனை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலை எட்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் ஐந்து வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள். பார்சல் வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வேலை. யாராவது எழுந்து போனால் மேற்பார்வையாளரின் திரையில் அவர் பெயர் சிவப்பாக மாறிவிடும். அவள் பெயர் மட்டும் சிவந்ததே இல்லை.

"இவளைப் பார்த்துக் கத்துக்குங்க. தண்ணியும் குடிக்கிறதில்ல, பாத்ரூமும் போறதில்ல" என்று மேற்பார்வையாளர் மற்றவர்களைத் திட்டும்போது அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பழகியது அது. அங்கே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அதற்கு வீட்டுக்கு வரும்வரை அடக்குவதே மேல் என்று இருந்துவிட்டாள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை குளிர் காய்ச்சல் வரும். விலாவுக்குக் கீழே குத்தும், மூத்திரம் எரியும். அம்மா மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வருவாள். நாலு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

இருபத்திரண்டு வயதில் தலைவலி ஆரம்பித்தது. திரையிலுள்ள எழுத்தெல்லாம் கலங்கியது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"உனக்கு என்ன வயசும்மா?"

"இருபத்திரண்டு, டாக்டர்."

"கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம். முதல்ல போய் பிரஷர் பாரு."

நூற்று எண்பது காட்டியது. கருவிதான் பழுது என்று நர்ஸ் வேறொன்றை எடுத்துவந்தாள். அதுவும் நூற்று எண்பதுதான் காட்டியது.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனுக்கு எழுதினார்கள். ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நெளிந்துகொண்டிருக்க, அவள் மட்டும் பேருந்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஸ்கேன் டாக்டர் இடது விலாவிலேயே கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"ஏம்மா, எப்பவாவது ஆபரேஷன் பண்ணி இடது கிட்னியை எடுத்திருக்காங்களா?"

எடுக்கவில்லை. அது உள்ளேயேதான் இருந்தது, எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி.

சிறுநீரக டாக்டர் இன்னொரு பரிசோதனை எழுதினார். குழாய் விட்டு மூத்திரப் பையில் மருந்தை நிரப்புவார்கள். அதைப் பெய்யும்போதே எக்ஸ்ரே எடுப்பார்கள். அன்றைக்கு அம்மா சலவைக் கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள். அங்கே துணி தேய்க்கிற வேலை அவளுக்கு. அப்பா லாரி ஓட்டுகிறவர். எப்போதும்போல வெளியூரில் இருந்தார்.

முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கியோடு அவள் நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. கதவு திறந்தது. நாலைந்து வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். குழந்தையின் செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இது ஒரு டெஸ்டா? பச்சைப் பிள்ளையைப் போட்டு இந்தப் பாடு படுத்துறாங்க. காய்ச்சல்தானே, மருந்து கொடுத்தா போகுது" என்று சொல்லிக்கொண்டே அவர் லிஃப்ட் பக்கம் போனார்.

பக்கத்தில் இருந்த அம்மா சட்டென்று எழுந்தாள். யாரிடமும் அதிர்ந்து பேசத் தெரியாத அம்மா ஓடிப்போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க தம்பி! உங்க கால்ல விழறேன், போகாதீங்க. நானும் இப்படித்தான் பாதியிலயே தூக்கிட்டு வந்தேன். அஞ்சு வயசுல. அப்புறம் இந்தப் பக்கமே வரல. அதோ உட்கார்ந்திருக்கா பாருங்க, அவதான்."

நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும்.

"கொஞ்ச நேரம் கழிச்சு வரோம்மா" என்று அவர் சட்டையை விடுவித்துக்கொண்டார். லிஃப்ட் மூடிக்கொண்டது. அவர்கள் திரும்பி வந்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. அடுத்து கூப்பிட்டது அவளைத்தான்.

குழாய் போனபோது கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அதைவிடக் கொடுமை அதற்குப் பிறகுதான். மேஜைமேல் படுத்தபடி, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, பெய்ய வேண்டும். வரவில்லை. எக்ஸ்ரேக்காரர் சுவரோரக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம் கேட்டும் வரவில்லை.

"சீக்கிரம்மா, வெளிய ஆறு பேர் காத்திருக்காங்க."

"ஆறு பேர்னு சொன்னா எப்படி சார் வரும்?" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, அதோடு மற்றதும் வந்தது.

மருந்து கீழே இறங்கியதோடு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் கிட்னி வரை மேலே ஏறியது படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது.

"பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கு" என்றார் டாக்டர். "ஒவ்வொரு காய்ச்சலும் கிட்னியில ஒரு தழும்பைப் போட்டுட்டுப் போயிருக்கு. வலதுலயும் கால்வாசிதான் மிச்சம்."

"நான் அடக்கினதாலயா?"

"அதுவும் நல்லதில்ல. எதால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"சின்ன வயசுலயே பார்த்திருந்தா?"

டாக்டர் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நிறைய பேருக்குக் காப்பாத்த முடியும்."

"என்னோடதை எடுத்துக் கொடுத்துடுங்க" என்றாள் அம்மா. கைப்பையைக் கேட்டால் எடுத்து நீட்டுகிறவள் மாதிரி.

அதன் பிறகு அவள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டால் தலையை ஆட்டினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போயே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அலுவலகத்தில் எழுந்து போக ஆரம்பித்தாள். திரையில் அவள் பெயரும் சிவந்தது. மூன்றாம் மாதம் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கிட்னி கொடுப்பதற்கான ஒவ்வொரு பரிசோதனைக்கும் அம்மா தானே போய் நின்றாள். சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரியவந்தது. உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் ரத்தம் சேரவில்லை.

இருபத்துநான்கு வயதில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று காலை, நாலு நாலு மணி நேரம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பாதியில் பிரஷர் இறங்கி அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நர்ஸ் அம்மாவை உள்ளே கூப்பிட்டாள். தெளிந்ததும், எதிரே நின்ற அம்மாவிடம் அவளாகவே கேட்டாள்.

"அன்னிக்கு நான் ரொம்பக் கத்தினேனாம்மா?"

அம்மா போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"கத்தல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அம்மா, வேண்டாம்னு சொல்லும்மா, நீ சொன்னா கேட்பாங்க'ன்னே. நான் சொன்னேன். கேட்டுட்டாங்க."

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. "உட்காரும்மா, கால் வலிக்கப் போகுது" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா உள்ளேதான் உட்காருகிறாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவள் வீட்டிலிருந்தபடியே ஒரு மரச்சாமான் கடைக்கு வரும் போன்களை எடுக்கிறாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால், அங்கே யாரும் சொல்வதில்லை.