பலியாட்டில் செய்து பார்த்தேன்

என் அண்ணியைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. "பிடிவாதம் இல்லடா, சுத்தம்" என்பான். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வாடிக்கையாளரின் கண்ணாடி ஒரு நூலிழை இறங்கி உட்கார்ந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு இப்படிப்பட்டவர் வாய்த்ததில் ஆச்சரியம் இல்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அதே வீட்டில் குடியிருப்பவன் நான்.

நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஓர் அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறி, மோட்டார் அறையைத் திறந்து, கயிற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு வந்து அந்த அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில் கீழேயே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு நான் கையெழுத்துப் போட்டதுண்டு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஒளித்து வைத்தேன் என்பீர்கள்.

அண்ணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. நோயாளிகளின் பதிவுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் தங்கியிருக்கும் டேட்டாபேஸைக் கட்டிக் காப்பது அவர் பொறுப்பு. அங்கே கற்றுக்கொண்டதைப் பதினான்கு வருடங்களாக ஒரு வலைப்பதிவில் தமிழில் எழுதி வந்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு கட்டுரை. காய்ச்சல் வந்தாலும் வரும், விருந்தாளி வந்தாலும் வரும். பேக்கப் எடுப்பது எப்படி, எடுத்த பேக்கப் திறக்காவிட்டால் என்ன செய்வது, அவசரத்தில் அழித்ததை எப்படி மீட்பது என்று எழுநூற்றுச் சொச்சம் கட்டுரைகள். பள்ளிக்கூட அலுவலகத்திலும் சின்னக் கம்பெனியிலும் தன்னந்தனியாகக் கணினியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதுதான் கைவிளக்கு.

எழுதுவதற்கு அவர் வைத்திருந்த முறைதான் என்னை அசத்தியது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. பக்கவாட்டுத் தகடு இல்லாமல் குடல் வெளியே தெரிய நிற்கும். அதற்குப் பலியாடு என்று பெயர் வைத்திருந்தார். ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்றால் முதலில் பலியாட்டின் டேட்டாபேஸை வேண்டுமென்றே சிதைப்பார். பிறகு தான் எழுதப்போகும் முறைப்படியே, ஒரு வரி மாறாமல், அதை எழுப்புவார். எழுந்தால்தான் கட்டுரை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே தேதியோடு ஒரே வரி இருக்கும்: "பலியாட்டில் செய்து பார்த்தேன்." வாசகர்கள் பண்டிகை வாழ்த்துக்கூடப் பலியாட்டுக்கும் சேர்த்தே அனுப்புவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணியைப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள். அதிலிருந்து அவர் நேரமெல்லாம் கூட்டங்களுக்கே போனது. காலையில் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்று பேச மாலையில் ஒரு கூட்டம். டேட்டாபேஸை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைக் கட்டுரை மட்டும் நிற்கவில்லை. மென்பொருளோடு வரும் கையேட்டைப் படிப்பார், அவசர அவசரமாகப் பலியாட்டில் ஓட்டிப் பார்ப்பார், எழுதுவார்.

ஒரு திங்கட்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். அண்ணி தட்டைத் தொடவே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றான் அண்ணன்.

அவர் கைபேசியை மேசையில் வைத்தார். முந்தைய சனிக்கிழமைக் கட்டுரைக்கு ஒரு நூலக ஊழியர் நன்றி எழுதியிருந்தார். நூலகத்தின் புத்தகப் பட்டியல் முழுக்க ஒரே கணினியில்தானாம், சோதித்துப் பார்க்க வேறு கணினி கிடையாதாம். 'நீங்கள் செய்து பார்த்தேன் என்று போட்டிருந்ததால் தைரியமாக நேராகவே செய்துவிட்டேன். அருமையாக வேலை செய்தது' என்று முடித்திருந்தார்.

"நல்ல விஷயம்தானே அண்ணி. இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?"

"நான் செஞ்சு பாக்கல."

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில அவசரக் கூட்டம். நேரமில்ல. கையேட்டைப் பாத்து எழுதிட்டேன். கடைசி வரிய விரல் தானா அடிச்சிடுச்சு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"அதான் சரியா வந்திடுச்சே. விடுங்க."

"அந்தாளு என்னை நம்பிச் செய்யல தம்பி. பலியாட்ட நம்பிச் செஞ்சிருக்காரு. அது அன்னைக்கு ஆன்கூட ஆகல."

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார். பலியாட்டின் விசிறி கரகரக்கும் சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். அந்தக் கட்டுரையில் உள்ளபடி வரி வரியாகச் செய்து பார்த்தாராம், ஒரு புள்ளிகூடத் தப்பில்லையாம். எனக்கு உயிர் வந்தது. பிரச்சினை முடிந்தது என்று குழம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இந்த வரிய இனிமே என்னால போட முடியாது. நிறுத்திடப் போறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினான்கு வருடம், எழுநூறு கட்டுரை, ஒரே ஒரு வரி. அதுவும் சரியாக வந்த கட்டுரை. இதற்காக யாராவது கடையைச் சாத்துவார்களா? இதையே இன்னும் காரமாகக் கேட்டேன்.

"சரியா வந்தது என் அதிர்ஷ்டம்" என்றார். "அந்த ஒரு நாளுக்காக மட்டும் இல்ல. அந்த வேலைய நான் இப்பச் செய்யறதே இல்ல. படிச்சத எழுதறேன். படிச்சுத் தெரிஞ்சுக்க அவங்களுக்குக் கையேடு போதும், நான் எதுக்கு?"

அண்ணன் எழுந்தான். அவருடைய தட்டை எடுத்துப் போய்ச் சோற்றைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தான்.

நிறுத்துகிறேன் என்றவர் மறுநாளே நிறுத்தியிருந்தால் நான்கூட ரோஷம் என்று நினைத்திருப்பேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் உழைத்தார். மருத்துவமனையில் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் அதில் கொட்டினார். முதல் கட்டுரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் பலியாட்டில் மறுபடி செய்து பார்த்தார். இன்றைக்கும் வேலை செய்வதற்கு மேலே புதுத் தேதி. காலாவதியானதற்கு மேலே 'இதைச் செய்யாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் காரணமும். அடித்துத் துவைத்ததில் பலியாடு இரண்டு முறை படுத்தது. இரண்டு முறையும் உதிரி பாகம் வாங்கி எழுப்பினார். மூடப்போகும் கடையை இப்படிக் கூட்டிப் பெருக்கிய ஆளை நான் பார்த்ததில்லை. என் கோபம் எந்த வாரத்தில் கரைந்தது என்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை நானே காபி போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன்.

அந்த ஒரு கட்டுரை மட்டும் பாக்கி இருந்தது. அதன் மேல் இப்படி எழுதினார்: 'கீழே இருக்கும் வரி பொய். வெளியிட்ட நாளில் இதை நான் செய்து பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.' அதையே கடைசிப் பதிவிலும் சொல்லி, இனி எழுதப்போவதில்லை என்று நாலே வரியில் முடித்துக்கொண்டார். வாசகர்கள் குவிந்து கெஞ்சினார்கள். அந்த நூலக ஊழியரும் வந்தார். 'நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மட்டும் அண்ணி அழுதார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"கை பரபரக்குதா அண்ணி?"

"பரபரக்குது. அதுக்காக?" என்று செய்தித்தாளைப் புரட்டினார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்று, முந்தாநாள்தான் போய் வந்த இடம். நேராக மேலே ஏறி மோட்டார் அறையைத் திறந்து, கயிற்றை இழை இழையாகப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாம் சரியாகவே இருந்தது. உடம்பெல்லாம் கிரீஸோடு இறங்கி வந்தேன். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், முந்தாநாள்தானே பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"

"கையெழுத்துப் போட்டேன்" என்றேன். "பாக்கல."