மக்காச்சோளக் காட்டு நாய்

தங்கை கலாவும் மாப்பிள்ளையும் அமெரிக்காவைச் சைக்கிளில் கடந்துகொண்டிருக்கிறார்கள். இன்று காலை வீடியோ காலில் வந்தாள். அங்கே பொழுது சாயும் நேரம். மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாய்.

"யாரு நாயின்னு தெரியலப்பா. மத்தியானத்துல இருந்து கூடவே வருது" என்றாள்.

அப்பா கோம்பை நாய் வளர்ப்பவர். திரையையே உற்றுப் பார்த்தார்.

"ஆத்தா, அது உங்களப் பாக்கல. காட்டுக்குள்ள பாத்து வாலாட்டுது. வளக்குறவன் அங்கனதான் நிக்கிறான்."

கலா சிரித்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். வீடியோ கால் கட்டாகிவிட்டது.

தினமும் விடிந்ததும் 'கிளம்பிட்டோம்' என்று மெசேஜ் போடுவாள். இப்போது இங்கே இரவு. அங்கே விடிந்து வெகுநேரம் ஆகிறது.

நாய் வளர்ப்பவர்கள் யாராவது, வெறும் சோளத்தட்டையைப் பார்த்தும் நாய் வாலாட்டும் என்று கமெண்டில் எழுதுங்கள். அப்பாவிடம் காட்ட வேண்டும்.