வெறும் லேபிளில் ஒரு கையெழுத்து

தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டிய காகிதம். கீழ் ஓரத்தில் என் கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை. அறுபதுகளில் பம்பாயில், தாராவி ஓரத்தில் ஒரு போலீஸ் சௌக்கிக்குப் பக்கத்து நடைபாதையில் தையல் மெஷின் போட்டிருந்தேன். மதுவிலக்குக் காலம். சாராயம் பிடித்தால், பிடித்ததைக் கண்ணால் பார்த்த பொதுஜன சாட்சி, அதாவது பஞ்ச் ஒருவன், பாட்டில் லேபிளில் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு தடவையும் உன்னை மெஷினை விட்டு எழுப்புவானேன், வெறும் லேபிளிலேயே மொத்தமாகப் போட்டுவிடு என்றார் சௌக்கி ஹவில்தார். நடைபாதை அவர் தயவு. ஒரு கட்டு போட்டுக் கொடுத்தேன்.

அதில் ஒரு லேபிள் எங்கள் சந்துக்காரி ஒருத்தியின் மேல் வழக்காக வந்து நின்றது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள். கோர்ட்டுக்கு முந்தின நாள் என் மெஷின் முன்னால் வந்து நின்றாள்.

"சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்குச் சண்டைக்காரன் கால்ல விழலாம்பாவ. எனக்குச் சண்டைக்காரன் யாருன்னே தெரியல, அண்ணாச்சி."

அவள் காய்ச்சினாளா? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. உள்ளே போனால் பிள்ளைகள் தெருவில் என்பது மட்டும் தெரியும்.

போலீஸ் பிராசிக்யூட்டர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுப் பேச்சு. சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன் வராந்தாவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம்.

"ஓய் டெய்லர், நீர் கையெழுத்துப் போடறச்சே பாட்டில்ல என்ன இருந்தது?"

பின்னால் ஹவில்தார் இருமினார்.

"பாட்டிலே இல்ல சார். லேபிள் மட்டுந்தான் இருந்துது."

பிராசிக்யூட்டர் சிரிக்கவில்லை. அவள் காய்ச்சுகிறவள்தான், கேஸ் தோற்றுவிடும் சாஹேப் என்று ஹவில்தார் மராத்தியில் மன்றாடினார். காய்ச்சுகிறவள் என்றால் காய்ச்சும்போது பிடியும், கேஸ் உம்முடையது, கோர்ட்டில் பேசுகிற நாக்கு என்னுடையது என்று அவரும் மராத்தியிலேயே சொன்னார். உள்ளே போய், இந்தப் பாட்டிலையும் இந்தச் சாட்சியையும் நம்புவதற்கில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் அவரே சொல்லிவிட்டார். அவளை விட்டார்கள்.

வெளியே வந்து என்னிடம் கேட்டார். "மிச்ச லேபிளெல்லாம் எங்கே ஓய்?"

ஹவில்தார்தான் பதில் சொன்னார். பாதிக் கட்டு தீர்ந்துவிட்டதாம். அதில் யாரும் வழக்காடவில்லையாம், குற்றத்தை ஒத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பிராசிக்யூட்டர் பேனாவைத் திறந்தார். எதுவும் எழுதாமல் மூடினார்.

மறுவாரம் என் நடைபாதை போயிற்று. மெஷினோடு செம்பூர் போனேன். அவரையும் வேறு கோர்ட்டுக்கு மாற்றியதாகக் கேள்வி.

இப்போது என் அலமாரி நிறைய மருந்து பாட்டில்கள், எல்லாவற்றிலும் அச்சடித்த லேபிள்கள். ஆனாலும் கீழ் ஓரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன். அந்தப் பாதிக் கட்டுக்காரர்கள், காய்ச்சியதால் ஒத்துக்கொண்டார்களா, என் கையெழுத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்களா?